கொத்தமல்லித் தண்ணீரும் பன்னிரண்டு பாடங்களும்

பங்குச் சுவாமியார் என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டார். தன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி கேட்டார். என்னை இருக்கச் சொல்லவில்லை. காங்கேசன்துறையில் கார்த்திகை மழை மூன்றாம் நாளாகப் பெய்துகொண்டிருந்தது. என் சேட்டிலிருந்து வடிந்த தண்ணீர் அவருடைய சிவப்புச் சீமெந்துத் தரையில் தேங்கியது. என் முகத்தைவிட அந்தத் தரையைத்தான் அவர் கூடுதலாகப் பார்த்தார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. என் முதற்பிள்ளை, முப்பத்தொரு மணித்தியாலம் உயிரோடிருந்த பெண்குழந்தை, வீட்டில் ஒரு வெள்ளைத் துவாயில் சுற்றப்பட்டுக் கிடந்தாள். அவளை அடக்கம் செய்ய நேரம் கேட்டுப் போயிருந்தேன். சாகும் தறுவாயில் நானே அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். சுவாமியார் இல்லாத ஆபத்து வேளையில் எவரும் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம். அதைச் சொன்ன பிறகுதான் கேள்விகள் தொடங்கின.

“என்ன தண்ணியிலை குடுத்தனீர்?”

“கொத்தமல்லித் தண்ணி, சுவாமி.”

“நல்ல தண்ணி எவ்வளவு தூரத்திலை இருந்தது?”

“குசினிக் குடத்திலை. பதினேழு காலடி.”

“குடுத்தாப் பிறகு பிள்ளை எவ்வளவு நேரம் இருந்தது?”

“ஒன்பது நிமிசம்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கியின் ஓரத்தால் துடைத்தார். “உமக்கு ஞானோபதேசம் படிப்பிச்சது ஆர்?”

“நீங்கள்தான், சுவாமி.”

“அப்ப எனக்குத்தான் வெக்கம்,” என்றார். பிறகு, கோயில் வேலைகளைப் பார்க்கும் கிழவனான சங்கிலித்தாமைக் கூப்பிட்டு, கல்லறைகள் இருக்கும் சேமக்காலையின் மதிலுக்கு வெளியே, வடக்குப் பக்கத்தில் ஓரிடம் காட்டிவிடச் சொன்னார். மதிலுக்கு உள்ளே இருப்பது குருவானவர் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரித்த மண். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும் உரியது.

பிள்ளைபெற்ற வீட்டில் தாய்க்குப் பச்சைத்தண்ணீர் கொடுக்கும் வழக்கம் எங்கள் பகுதியில் இல்லை. சன்னி வரும் என்பார்கள். கொத்தமல்லியும், வேர்க்கொம்பு என்கிற சுக்கும் போட்டு அவித்து வடித்த தண்ணீரைப் போத்தலில் ஊற்றிக் கட்டிலருகே வைத்துவிடுவார்கள். தாகம் எடுத்தால் அதுதான். பச்சைத்தண்ணீரை அறைக்குள் கொண்டுவரவே மருத்துவிச்சி விடமாட்டாள். எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளை முதல் நாள் முழுவதும் பால் குடித்தது. சுவாமியார் அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போயிருந்தார், மறுநாள் பின்னேரம் வருவார் என்றார்கள். வந்தவுடன் கூட்டிவரலாம் என்று இருந்தோம். மறுநாள் மத்தியானம் பிள்ளையின் உதடு நீலமாகியது. மருத்துவிச்சி கார் பிடிக்க ஓடினாள். மனைவி காய்ச்சலில் அரைமயக்கத்தில் கிடந்தாள். என் இடக்கையில் பிள்ளை, வலக்கைக்கு எட்டிய தூரத்தில் அந்தப் போத்தல். குசினி வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்தது. போக பதினேழு காலடி, வர பதினேழு, நடுவில் வழுக்கும் முற்றம். அதற்குள் பிள்ளை போய்விடும் என்று கணக்குப் போட்டேன். மூன்று தரம் ஊற்றினேன். சொல்லவேண்டியதைச் சொன்னேன். வாயில் வந்த பெயரை வைத்தேன். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பது நிமிடம் இருந்தாள். முப்பத்துநான்கு காலடிக்கு ஒரு நிமிடம் போதும். என் கணக்கு எட்டு நிமிடத்தால் பிழைத்தது.

நான் சீமெந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன். சுண்ணக்கல்லில் எத்தனை பங்கு எது என்று நாள்முழுவதும் அளந்து எழுதுகிறவன். கேட்டால் கேட்டதற்குச் சரியான அளவைச் சொல்வதுதான் என் தொழில், பழக்கம், புத்தி எல்லாம். அடக்கம் முடிந்து வந்தபோது மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். “சுவாமியார் கேட்டதுக்கு என்ன சொன்னீங்கள்?” என்று கேட்டாள். ஒன்றும் விடாமல் சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே, “தண்ணியெண்டு சொல்லியிருந்தா என்ன?” என்றாள். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவள் வாய் திறக்கவில்லை. பிறகு எங்களுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள். அப்போதும் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆய்வுகூடத்து அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். கோயிலின் வடக்கு மூலையிலிருந்து சேமக்காலையின் வடக்கு மதில்வரை நூற்று அறுபத்திரண்டு அடி. மதிலிலிருந்து பிள்ளை கிடக்கும் இடம் பதினொரு அடி. அங்கிருந்து இன்னும் வடக்கே நின்ற ஒரு பனை எட்டு அடி. ஏன் அளந்தேன் என்று எனக்கே தெரியாது. வேறென்ன செய்வது என்று தெரியாதவன் தனக்குத் தெரிந்ததைச் செய்கிறான்.

அந்தச் சுவாமியாரைப்பற்றி ஊரில் நல்லதாகச் சொல்கிறவர்களே அதிகம். பள்ளிக்கூடத்துக்கு மேல்மாடி எழுப்பினார், கடற்கரைச் சனத்துக்குப் புயல் நேரம் கோயிலைத் திறந்துவிட்டார், ஆங்கிலமும் இலத்தீனும் சரளம். எல்லாம் உண்மை. நான் ஒன்றையும் மறுக்கவில்லை. எனக்கு ஒன்பது வயதில் அவர் இளம் உதவிப் பங்குத்தந்தையாக முதல்முறை எங்கள் ஊருக்கு வந்தபோது, நாற்பத்தொரு பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து ஞானோபதேசம் பாடமாக்கினார். ஒரு சொல் தவறினால் ஒரு பிரம்படி. என் மொத்தக் கணக்கு பதினான்கு. “ஆபத்திலை ஆரும் குடுக்கலாம். தண்ணியைத் தலையிலை மூண்டுதரம் ஊத்தவேணும்” என்று அவர் சொல்லித்தந்தது இன்றைக்கும் அவர் குரலிலேயே காதில் நிற்கிறது. தண்ணீர் என்றார். எந்தத் தண்ணீர் ஆகும், எது ஆகாது என்று அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபத்துமூன்று வருடம் கழித்து ஈரச் சேட்டோடு நின்றவனிடம்தான் கேட்டார். என்னைப் படிப்பிக்காமல் விட்டதற்கு என் பிள்ளையை வெளியே வைத்தார். அவர் செத்து எத்தனையோ வருடமாகிறது. அடக்கத்துக்கு ஆயிரம்பேர் போனார்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் போகவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அவள் மதிலுக்கு உள்ளே இருந்திருக்க வேண்டியவள் என்று, சொல்லத் தகுதியுள்ள ஒருவர் சொல்லவேண்டும்.

சண்டை எங்களை ஊரிலிருந்து கிளப்பியது. ஆறு இடம் மாறிக் கொக்குவிலில் ஒரு வீட்டில் வந்து நின்றோம். தொழிற்சாலை மூடிக்கிடந்தது, ஊர் பாதுகாப்பு வலயமானது, கோயில், சேமக்காலை, மதில் எல்லாம் முள்ளுக்கம்பிக்கு உள்ளே போயின. எனக்கு எழுபத்துநான்கு வயதில் ஒரு ஞாயிறு கோயில் அறிவித்தல் பலகையில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. பொதுநிலையினருக்கான இறையியல் டிப்ளோமா, தொலைக்கல்வி, இரண்டு வருடம், பன்னிரண்டு பாடம். வயதெல்லை இல்லை. ஏழாம் பாடம் திருவருட்சாதனங்கள்; ஞானஸ்நானம் அவற்றில் முதலாவது. அந்த வரியை மூன்றுதரம் வாசித்தேன். விண்ணப்பப் படிவத்தில் ‘இறையியல் கற்க விரும்புவதற்கான காரணம்’ என்று நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். ‘அறிவு’ என்று ஒரு சொல் எழுதினேன்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் மனைவி, முதலாவது பொதி தபாலில் வந்தபோது. “சுவாமியாராப் போறியளோ? அப்பிடியெண்டா எனக்கு இப்பவே சொல்லிப்போடுங்கோ. நான் மூத்தவனோடை கனடாவுக்குப் போறன்.”

“படிக்கிறதுக்கு வயசில்லை.”

“வயசில்லைத்தான். கண்ணுமில்லை, முழங்காலுமில்லை.”

அவளுக்குக் காரணம் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. ஏழாம் பாடத்தை நேரே திறக்கவும் முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு பாடம்தான் அனுப்புவார்கள், முந்தியதற்குக் கட்டுரை அனுப்பினால்தான் அடுத்தது வரும். ஆறு பாடம் காத்திருந்தேன். முதற் பாடப்புத்தகத்தில் மட்டும் அறுபத்துமூன்று அச்சுப்பிழை. பக்கம், வரி குறித்துப் பட்டியல் அனுப்பினேன். பதில் வரவில்லை. இரண்டாம் பாடத்தில் நாற்பத்தெட்டு. அதற்கும் அனுப்பினேன். மாதம் ஒரு சனிக்கிழமை யாழ்ப்பாண நகரில் நேர்முக வகுப்பு. என்னோடு பதினெட்டுப் பேர். எல்லாரும் மறைக்கல்வி ஆசிரியர்கள், பாடகர்குழுப் பிள்ளைகள். ஆறுபேர் வகுப்பு நேரம் முழுவதும் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். இடைவேளைத் தேநீருக்கு என்னை முன்னுக்கு விடுவார்கள். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன். மெதுவாகக் குடிப்பவன் முதலில் தொடங்கவேண்டும் என்ற ஏற்பாடு அது என்று பிறகு தெரிந்தது.

படிப்பித்தவர் முப்பத்தாறு வயதுக் குருவானவர். உரோமில் படித்துக் கலாநிதிப் பட்டம் எடுத்தவர். நல்ல சிரிப்பு. கட்டுரைகளைத் திருத்துகிறவரும் அவர்தான். விசுவாசம் என்றால் என்ன, நம்பிக்கை என்றால் என்ன என்று ஆறு கட்டுரை எழுதினேன். எதைப்பற்றியும் எனக்கு ஒரு கருத்தும் இல்லை. புத்தகத்தில் இருந்ததைத் திருப்பி எழுதினால் அறுபதுக்குக் குறையாமல் கிடைத்தது.

ஏழாம் பாடம் ஒரு வியாழக்கிழமை வந்தது. எந்தத் தண்ணீர் ஆகும் என்பது நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. மூன்று வரி. கிணற்றுநீர், ஆற்றுநீர், மழைநீர், கடல்நீர், பனிநீர் ஆகும். பால், எண்ணெய், உமிழ்நீர் ஆகா. தேயிலைச் சாயம், மெல்லிய கஞ்சித் தெளிவு முதலியன ஐயத்துக்குரியவை. அவ்வளவுதான். ஆகும் என்றுமில்லை, ஆகாது என்றுமில்லை. நாற்பத்துமூன்று வருடம் சுமந்த ஒன்றுக்குப் புத்தகத்தில் கிடைத்தது ஒரு ‘முதலியன’. அதே வரியில் ஓர் அச்சுப்பிழையும் இருந்தது.

ஐயம் என்றால் அளக்கலாம் என்று நினைத்தேன். மனைவி பகல் நித்திரையில் இருந்தபோது குசினிக்குப் போய், அவள் கைப்பிடியை நினைவில் வைத்து ஒரு பிடி கொத்தமல்லி, ஒரு விரல் வேர்க்கொம்பு, இரண்டு போத்தல் தண்ணீர் என்று அவித்து வடித்தேன். ஒரு லீற்றரை அளந்து எடுத்து வற்றக் காய்ச்சி, மிஞ்சியதைப் பக்கத்து நகைப்பட்டறைத் தராசில் நிறுத்தேன். மூன்று கிராம். அதேபோல ஒரு லீற்றர் கிணற்றுத்தண்ணீரையும் வற்றவைத்தேன். ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைய. எங்கள் குடாநாட்டுக் கிணறுகள் எல்லாம் சுண்ணக்கல்லில் தோண்டியவை. கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிவது அதுதான். ஒரு கிராம் சுண்ணாம்பு கலந்தது தண்ணீர் என்றால் மூன்று கிராம் கொத்தமல்லி கலந்ததும் தண்ணீர்தான்; அது தண்ணீர் அல்ல என்றால் வலிகாமத்தில் ஞானஸ்நானம் பெற்றவன் ஒருவனும் இல்லை. இதைக் கட்டுரையாக எழுதினேன். ஆயிரத்தைந்நூறு சொல்லுக்கு மேற்படக்கூடாது என்றிருந்தது. நாலாயிரத்து நூறு வந்தது. ஒரு சொல்லையும் வெட்டவில்லை. என் பிள்ளையைப்பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

மனைவி எழும்பி வந்து சட்டியின் அடியைப் பார்த்தாள். “உதென்ன கருக்கி வைச்சிருக்கிறியள்?” என்றாள். மணந்து பார்த்தாள். பிறகு சாம்பல் போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். சட்டி வெளுத்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டுரை மூன்று கிழமையில் திரும்பி வந்தது. சிவப்பு மையில் இரண்டு வசனம். ‘இது இரசாயனவியல் பாடமன்று. கேட்ட கேள்விக்கு விடையளிக்கவும்.’ நாற்பத்தாறு புள்ளி. அடுத்த சனிக்கிழமை வகுப்பில் எழும்பி நின்று, கொத்தமல்லித் தண்ணீர் ஆகுமா ஆகாதா என்று நேரே கேட்டேன்.

“ஐயா, உதெல்லாம் இப்ப ஆரும் கேக்கிறேல்லை,” என்றார் அவர் சிரித்தபடி. “ஆண்டவர் என்ன, மோட்ச வாசல்லை நிண்டு போத்திலை மணந்து பாத்துக்கொண்டோ இருக்கிறார்?”

வகுப்பு சிரித்தது. பதினாறுபேர் சிரித்தார்கள், இரண்டுபேர் போனில் இருந்ததால் கேட்கவில்லை.

“ஞானஸ்நானம் இல்லாமல் போற குழந்தையளையும் இப்ப நாங்கள் இறைவன்ரை இரக்கத்திலை ஒப்படைக்கிறம். உள்ளேயே அடக்கம் செய்யிறம்,” என்றார்.

“அப்ப முந்தி வெளியிலை தாட்டது பிழையோ, பாதர்?”

“பிழை எண்டு சொல்லேலாது, ஐயா. அது அந்தக் காலத்து நடைமுறை.”

“பிழையில்லை எண்டா, சரியோ?”

“சரி எண்டும் சொல்லவரேல்லை.”

“அப்ப பிள்ளை உள்ளையோ, வெளியிலையோ?”

“எந்தப் பிள்ளை?” என்றார்.

பதினெட்டு முகமும் என்னைத் திரும்பிப் பார்த்தன. “ஒரு பிள்ளையுமில்லை. பொதுவாக் கேட்டனான்,” என்று சொல்லி இருந்துவிட்டேன்.

அன்று பேருந்தில் திரும்பும்போது யோசித்தேன். இரண்டு குருமாரில் எவரை நான் கூட வெறுக்கிறேன்? கிழவர் கதவைச் சாத்தினார். ஆனாலும் அவர் கேட்ட நான்கு கேள்வியும் கேள்விகள்தான். போத்தலுக்கும் குடத்துக்கும் இடைப்பட்ட பதினேழு காலடி அவருக்கு ஒரு பொருட்டாக இருந்தது. இளையவர் கதவே இல்லை என்கிறார். எப்போதிருந்து இல்லை என்று கேட்டால் சிரிக்கிறார். பிழை செய்தவன் ஒருவனுமில்லாமல் என் பிள்ளை வெளியே கிடக்கிறாள். யோசித்துப் பார்த்ததில் இருவரையும் சமமாகவே வெறுத்தேன். மிச்சம் ஐந்து பாடத்தையும் முடித்தேன். தொடங்கியதைக் குறையில் விட்டுப் பழக்கமில்லை. சாதாரண சித்தி. பட்டமளிப்புக்குப் போகவில்லை. சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது.

அதற்கு அடுத்த வருடம் எங்கள் பக்கத்துக் காணிகளை விடுவித்தார்கள். ஒன்பது குடும்பம் திரும்பியது. கோயிலுக்குச் சுவர் மட்டும் மிஞ்சியிருந்தது. சேமக்காலை இருந்த இடத்தில் மதிலுமில்லை, சிலுவையுமில்லை. அத்திவாரக் கல்லைக்கூட எதற்கோ தோண்டி எடுத்திருந்தார்கள். நாயுருவியும் எருக்கலையும் மண்டிக் கிடந்தன. புதிதாக வந்த பங்குத்தந்தை முதலில் சேமக்காலை மதிலைக் கட்டுவது என்று முடிவெடுத்து, பழைய ஆட்களை ஒரு சனிக்கிழமை காலை வரச்சொன்னார். நானும் மனைவியும் கொக்குவிலிலிருந்து பேருந்தில் போனோம். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. பின்னால் சீற்றில் இருந்து, வழி முழுவதும் கன்னத்தில் கைவைத்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பழைய ஆட்கள் என்று வந்தது ஐந்துபேர். மூன்று பக்கம் பிரச்சினை இல்லை. தெருவும் ஒழுங்கையும் இருந்தன. வடக்குப் பக்கம் முழுவதும் பங்குக் காணி, எல்லை காட்ட ஒன்றுமில்லை. ஒருவர் இங்கே என்றார், ஒருவர் அங்கே என்றார். “உந்தாள் தொழிற்சாலையிலை அளவு பாத்தவர் எல்லோ. உவரைக் கேளுங்கோ, பாதர். உவருக்கு எல்லாத்துக்கும் கணக்கிருக்கும்,” என்றார் ஒருவர், கொஞ்சம் நக்கலாக. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

இருந்தது. நூற்று அறுபத்திரண்டு. நாற்பத்தைந்து வருடமாக நாக்கின் நுனியில் இருந்த எண். கேட்டால் சொல்லிவிடுகிற வாய் எனக்கு. திறந்தும் விட்டேன்.

“அந்த மொட்டைப் பனைக்கு அங்காலை, பாதர்,” என்றாள் மனைவி. அவள் வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். “பனை மதிலுக்கு உள்ளுக்குத்தான் நிண்டது. எங்கடை மாமியை அடக்கம் செய்யேக்கை நான் அந்த நிழல்லைதான் நிண்டனான்.”

என் தாயை அடக்கம் செய்தது தெற்கு மூலையில். அவள் அன்று நின்றது வெயிலில். அவள் என்னைப் பார்க்கவில்லை. வட்டுப்போய் நின்ற அந்தப் பனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு இப்பால் எட்டு அடியில், எருக்கலைக்குக் கீழே, ஒரு மண்மேடுகூட இல்லாத இடத்தை அவள் பார்க்காமல் விட்டதுதான் எனக்குத் தெரிந்தது.

மேசன் கையில் நூற்கட்டையோடு என்னிடம் வந்தான். “அம்மா சொல்லுறது சரியோ, ஐயா? கோயில் மூலையிலை இருந்து எத்தினை அடி எண்டு சொன்னா நான் இழுத்துப் பாப்பன்.”

ஒழுக்க இறையியல் ஒன்பதாம் பாடம். பொய் எந்த நல்ல காரணத்துக்காகவும் ஆகாது என்று ஆயிரத்தைந்நூறு சொல்லில் எழுதி எழுபத்தொரு புள்ளி எடுத்தேன். பன்னிரண்டு பாடத்திலும் அதுதான் என்னுடைய அதிகூடிய புள்ளி.

“நூற்று எண்பத்துமூண்டு,” என்றேன். “அவ சொல்லுறது சரி.”

மேசன் நாடாவை இழுத்தான். பனைக்கு இரண்டு அடி அப்பால் போய் நின்றது. “பாத்தியளே, கணக்கெண்டால் கணக்கு,” என்றார் நக்கலடித்தவர். பங்குத்தந்தை அந்த இடத்தில் கட்டையை அறையச் சொன்னார்.

மதில் எழும்பி ஏழு மாதமாகிறது. பங்குத்தந்தை உள்ளே முழுவதையும் மந்திரித்தார். மூலைக்கு மூலை நடந்துதான் செய்தார், நான் கூடவே போய்ப் பார்த்தேன். இதை வாசித்துவிட்டு எவராவது அளவுநாடாவோடு அங்கே போவதென்றால் தாராளமாகப் போகலாம். கோயிலின் வடக்கு மூலையிலிருந்து பிடித்து அளக்கட்டும். நூற்று எண்பத்துமூன்றுதான் வரும்.